மருமகனுக்கு மாமன் தரும் மஸ்டாங்: பதினெட்டு வயதுக்கு ஏற்ற காரா?

கேள்வி: வரும் ஆவணியில் என் மகனுக்கு 18 வயது நிறைகிறது. சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். சங்ககிரியில் லாரித் தொழில் செய்யும் என் அண்ணன், மருமகனின் பிறந்தநாளுக்குப் பழைய ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்லி, பெங்களூருவில் ஒரு வண்டியைப் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டார். “இவன் வயசுல நான் லாரியே ஓட்டுனேன், இதென்ன பெரிய விஷயம்” என்கிறார். பெரிய காரில்தான் ஏர்பேக்கும் நல்ல பிரேக்கும் இருக்கும், சின்னக் காரைவிட அதுதான் பாதுகாப்பு என்று மகன் வாதாடுகிறான். மச்சானிடம் நான் எதுவும் பேச மாட்டேன் என்று கணவர் ஒதுங்கிக்கொண்டார். மகன் இப்போதே சில ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு எங்கள் காரில் ஏற்காடு போய் வருகிறான், நன்றாகத்தான் ஓட்டுகிறான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் பயப்படுவது சரிதானா? அண்ணன் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது?

(ஒரு வாசகி, அழகாபுரம், சேலம்)

பதில்: (ஓட்டுநர் பயிற்றுநர், சேலம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் சரியானது. இந்தக் கார் இந்த வயதில் அவனுக்கு வேண்டாம். அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை அதிகமாகக் கவலைப்பட வைத்தது. மகன் இப்போதே நண்பர்களோடு ஏற்காடு போய் வருகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். சாவியை எடுத்து பீரோவில் வையுங்கள்.

காரணம் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும் குற்றவாளியாகக் கருதுகிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸோ எல்.எல்.ஆரோ கிடையாது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனான்’ என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் பெற்றோருடையதுதான். உங்களுக்குத் தெரிந்தே அவன் போகிறான். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும்போது எதிரே வந்தவருக்கு ஏதாவது ஆனால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம். வீட்டை விற்றாலும் அடைபடாத தொகையாக அது இருக்கக்கூடும்.

2024 மே 19-ஆம் தேதி அதிகாலை புனே கல்யாணி நகரில் நடந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். 17 வயதுப் பையன் ஓட்டிவந்த போர்ஷே கார் ஒரு பைக்கின் மேல் மோதியது. பைக்கில் வந்த இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் இறந்துபோனார்கள். அந்தப் பையனின் குடும்பத்துப் பெரியவர்களும் கைதானார்கள். வசதியான வீடு, ஆசையாக வாங்கிய கார், செல்லப்பிள்ளை. உங்கள் வீட்டுக் கதையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி மஸ்டாங்குக்கு வருவோம். இந்தியாவில் 2016-இல் விற்பனைக்கு வந்த மஸ்டாங் ஜி.டி.யில் 5 லிட்டர் வி-8 எஞ்சின், சுமார் 400 குதிரைத்திறன். அந்தச் சக்தி முழுவதும் பின்சக்கரங்களுக்குப் போகிறது. இன்றைய மாருதி ஸ்விஃப்டின் சக்தி 82 குதிரைத்திறன்தான். எண்ணிக்கையில் ஐந்து மடங்கு என்பதைவிட, காலுக்கு அடியில் அது எப்படி உணரப்படுகிறது என்பதுதான் முக்கியம். புதிதாக ஓட்டுபவர் எல்லோரும் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாகவோ கொஞ்சம் முன்னதாகவோ மிதிப்பார்கள். சின்னக் காரில் அந்தத் தவறுக்கு வண்டி உறுமும், லேசாக முன்னால் போகும், அவ்வளவுதான். அதற்குள் தவறு புரிந்து காலை எடுத்துவிடலாம். அந்த ஒரு விநாடிதான் அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறது. சக்தி அதிகமான காரில் அந்த ஒரு விநாடி கிடையாது. தவறு நடந்த கணமே வண்டி வேறு இடத்தில் இருக்கும்.

ஏற்காட்டுப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள், அவன் போகிற பாதைதானே. அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். அந்த உயரம் முழுவதையும் குறுகலான ஒரு மலைப்பாதை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே நேராக இருக்கும் பாதை சில இடங்களில் நூறு மீட்டர் இருக்கும். ஒரு வளைவிலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால், ஸ்விஃப்ட் போன்ற கார் அந்த நூறு மீட்டரில் 60-ஐ எட்டுவதற்கே முக்கும். மஸ்டாங் 90-ஐத் தாண்டிவிடும். அடுத்த வளைவு கண் முன்னால். பிரேக் பிடித்து, ஸ்டீயரிங்கைத் திருப்பி, எதிரே இறங்கி வரும் பஸ்ஸுக்கு இடம் விட வேண்டும். இதெல்லாம் ஒரே மூச்சில்.

பஸ்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். நீளமான வண்டி, வேறு வழி இல்லை. பழக்கப்பட்ட ஓட்டுநர் வளைவை நெருங்கும் முன்பே தலையைத் திருப்பி மேலே பார்ப்பார். மரங்களுக்கு இடையே மேல் ரோட்டில் பஸ்ஸோ லாரியோ இறங்குவது தெரிந்தால், வளைவுக்குக் கீழேயே ஓரமாக நின்று அதைத் திரும்பவிட்டுப் பிறகு ஏறுவார். மலைச்சாலையில் இடம் போதாத இடங்களில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனாலும் பஸ் பாதி திரும்பிய பிறகு அந்த விதியைப் பேசிப் பயன் இல்லை. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களை மலைக்குக் கூட்டிப் போகும்போது நான் அவர்கள் கையையோ காலையோ பார்ப்பதைவிடக் கண்ணைத்தான் கவனிப்பேன். பெரும்பாலும் பானட்டுக்கு முன்னால் பத்தடி தூரத்தில்தான் பார்வை நிற்கும். வளைவு எங்கே முடிகிறது என்று பக்கத்து ஜன்னல் வழியாக மேலே பார்க்கப் பழக மாதக்கணக்கில் ஆகும். இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பழக்கமாக்க, மெதுவாக ஓட்டிய மணிநேரங்கள்தான் வேண்டும். மஸ்டாங்கின் பானட் நீளமானது, உட்காரும் இடம் தாழ்ந்தது, அகலம் 1.9 மீட்டருக்கு மேல். வளைவில் எந்த மூலை எங்கே இருக்கிறது என்று தெரியாத காரில் ஒரு பிள்ளை அந்தப் பார்வையைப் பழக முடியாது.

மழைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் பாறை ஓரமாகத் தண்ணீர் வழிந்து ரோட்டைக் குறுக்கே கடக்கும், உதிர்ந்த இலையும் மண்ணும் சேர்ந்து வழுக்கும். ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போது பின்சக்கரத்துக்கு இவ்வளவு சக்தி போனால் டயர் பிடிப்பை இழந்து வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். அதைத் தடுக்க டிராக்ஷன் கண்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் எல்லாம் அந்தக் காரில் இருக்கின்றன. அதை அணைக்க ஒரு பட்டனும் இருக்கிறது. காரில் மூன்று நண்பர்கள் இருக்கும்போது அந்தப் பட்டன் சும்மா இருக்குமா என்று நீங்களே யோசியுங்கள். மூடுபனி வந்துவிட்டால் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமில் ஊர்ந்து வர வேண்டும். சாயங்காலம் காட்டெருமை ரோட்டில் நிற்கும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். ஏறின கியரிலேயே இறங்கு என்று இந்தப் பக்கத்து டிரைவர்கள் சொல்வார்கள். கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி வர வேண்டும். வழி நெடுகப் பிரேக்கில் கால் வைத்து இறங்கினால் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. 2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழ் ரோட்டில் விழுந்தது, உயிர்கள் போயின. தினமும் அந்த ரோட்டில் ஓடுகிற வண்டிக்கே அந்த நிலை. நண்பர்களோடு பாட்டுப் போட்டுக்கொண்டு இறங்குகிற பதினேழு வயதுப் பையன் எந்தக் கியரில் வருகிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

மகன் சொல்கிற பிரேக், ஏர்பேக் வாதத்துக்கு வருகிறேன். அவன் பொறியியல் படிக்கிறான், கணக்காகவே சொல்லலாம். ஆபத்தைக் கண்டு மூளை புரிந்துகொண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்தில் கார் 25 மீட்டர் ஓடிவிடும். பிறகு உலர்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 20 மீட்டர், மொத்தம் 45. 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை விநாடிக்கே 42 மீட்டர் போய்விடுகிறது. அதாவது, 60-இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில், 100-இல் வந்த கார் அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருக்கும். எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும் கால் அதைத் தொட்ட பிறகுதான் வேலை செய்யும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது அவன் பிளஸ் டூவில் படித்ததுதான்.

ஏர்பேக் எண்ணிக்கையை வைத்துக் காரின் பாதுகாப்பை அளக்க முடியாது. ஐரோப்பாவில் கார்களை மோதிச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2017 ஜனவரியில் இதே மஸ்டாங்குக்கு 5-க்கு 2 ஸ்டார்தான் கொடுத்தது. முன்பக்க ஏர்பேக்குகள் போதுமான அளவு உப்பவில்லை, பின்சீட்டில் இருப்பவரை பெல்ட் சரியாகப் பிடித்து நிறுத்தவில்லை என்பவை அவர்கள் சொன்ன குறைகள். பிறகு மாற்றங்கள் செய்து வந்த காருக்கும் 3 ஸ்டார்தான் கிடைத்தது. அந்தப் பின்சீட்டில்தான் இவன் நண்பர்கள் உட்காருவார்கள், அவர்களுக்கும் வீட்டில் அம்மாக்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் விற்கிற புதிய டிசையர் 2024 நவம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு 5 ஸ்டார் வாங்கியது. விலையும் சக்தியும் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்கிற கணக்கு இங்கே தலைகீழாகிறது.

நண்பர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். அமெரிக்க உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டீன்பெர்க்கும் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைச் சிலரைத் தனியாகவும், சிலரைக் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஆடச் சொன்னார்கள். பதின்வயதினரும் கல்லூரி வயதினரும் கூட்டாளிகள் முன்னால் அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. முன்யோசனைக்கும் அடக்கத்துக்கும் பொறுப்பான மூளைப்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது என்று மருத்துவர்கள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. உங்கள் மகனின் குணத்தில் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பொறுமைசாலிப் பிள்ளைகளும் இந்த வயதில் இப்படித்தான். காரில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவன் ஓட்டும் விதம் மாறும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ‘நன்றாகத்தான் ஓட்டுகிறான்’ என்று பார்த்தது நீங்கள் இருக்கும்போது ஓட்டுகிற மகனை.

இதையெல்லாம் யோசித்துச் சட்டமே போட்டிருக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் முதல் சில ஆண்டுகளுக்கு, எடையில் ஒரு டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தி உள்ள காரை ஓட்டவே கூடாது. மஸ்டாங் ஜி.டி.க்குக் கணக்குப் போட்டால் 170 பக்கம் வருகிறது, ஸ்விஃப்டுக்கு 65. அங்கே லைசென்ஸ் தேர்வுக்குப் போகும் முன் இளைஞர்கள் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து 120 மணி நேரம் ஓட்டிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நம் நாட்டில் அப்படி எந்தத் தடையும் இல்லை. 18 வயது முடிந்து, டெஸ்டில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிய மறுநாள் அவன் எந்தக் காரையும் எடுக்கலாம். சட்டம் விட்ட இடத்தை வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் அண்ணன். அவரிடம் நான் சொன்ன ஆஸ்திரேலியாவையும் ஆய்வையும் எடுத்துப் போகாதீர்கள். அவருக்கு அவருடைய தொழிலே போதும். ‘இவன் வயசுல லாரி ஓட்டுனேன்’ என்கிறாரே, அவர் எப்படி ஓட்டக் கற்றார் என்று கேளுங்கள். சங்ககிரிப் பக்கத்து லாரிக்காரர்கள் பலரும் கிளீனராக ஏறியவர்கள். டயர் கழற்றி, தார்ப்பாய் கட்டி, ராத்திரி டிரைவருக்குப் பேச்சுத்துணையாக விழித்திருந்து, பிறகு ஒருநாள் லோடு இல்லாத வண்டியைக் காலி ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டியிருப்பார்கள். பக்கத்தில் பெரிய டிரைவர் உட்கார்ந்திருப்பார், தப்புச் செய்தால் திட்டியிருப்பார். அந்தக் காலத்து லாரி லோடோடு 50-ஐத் தொடவே வெகுநேரம் பிடிக்கும். வண்டியே அவரை மெதுவாகத்தான் பழக்கியது. அதே மாமன் மருமகனுக்குக் கொடுக்க நினைப்பதில் இந்தப் படிகள் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் அவருக்கு நன்றாகத் தெரியும். 20 வயதுக்கு முன்னால் லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வண்டிகளை ஓட்ட சட்டம் விடுவதில்லை. ஹெவி வண்டிக்கு எல்.எல்.ஆர். போட வேண்டுமென்றால்கூட, இலகு ரக லைசென்ஸ் கையில் இருந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். புதிதாக ஹெவி லைசென்ஸ் வாங்கி வந்த ஒரு பையனை நம்பி, சிமெண்ட் லோடு ஏற்றிய வண்டியைத் தொப்பூர் கணவாயில் தனியாக இறக்க அவர் அனுப்புவாரா? டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் பிடிக்காமல் அந்தக் கணவாயில் எத்தனை வண்டிகள் போயின என்று நம் எல்லோரையும்விட அவருக்குத் தெரியும். தன் வண்டிக்கும் தன் டிரைவருக்கும் அவர் காட்டுகிற அந்த எச்சரிக்கையைத்தான் மருமகனுக்கும் காட்டச் சொல்கிறீர்கள். இப்படிப் பேசினால் அவருடைய அன்பை மறுத்ததாக ஆகாது, அவர் அனுபவத்தைக் கேட்டதாக ஆகும்.

“அண்ணா, நீங்க குடுக்கிறதை வேண்டாம்னு சொல்லலைங்க. நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்களோ அப்படியே அவனும் கத்துக்கட்டும். முதல் வருசம் சின்ன வண்டி, பக்கத்துல நீங்க. அந்த வருசத்தைத்தான் நாங்க உங்ககிட்ட சீராக் கேக்கறோம்” என்று சொல்லிப் பாருங்கள். வார்த்தைகளை உங்கள் வீட்டு வழக்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள். இதைக் கணவரும் சேர்ந்தே சொல்ல வேண்டும். மச்சானிடம் பேசமாட்டேன் என்று அவர் ஒதுங்கினால், நாளைக்கு ஏதாவது ஆனால் ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ, யார் பாதுகாவலரோ அவர்களைத்தான் போலீஸ் கேட்கும் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். முன்பணத்தைத் திரும்பக் கேட்பது சங்கடமாக இருக்கலாம். ஆனால் கர்நாடகப் பதிவு வண்டி என்றால் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு ஆயுட்கால வரி, இன்சூரன்ஸ் மாற்றம் எல்லாம் இனிமேல்தான் செலவு. ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்பதும் ஒரு பக்கம். அந்தக் காரின் மேல் அண்ணனுக்கே ஆசை இருந்தால் அவர் பெயரில் வாங்கிச் சங்ககிரியில் வைத்துக்கொள்ளட்டும், அவரே ஓட்டட்டும். சாவி அவரிடமே இருக்க வேண்டும்.

மகனுக்கு எந்தக் கார் என்று கேட்டால், 90 குதிரைத்திறனுக்குள் உள்ள, ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் 6 ஏர்பேக்கும் உள்ள சின்னக் காரோ சின்ன செடானோ போதும். பாரத் என்கேப் என்ற நம் நாட்டு மோதல் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது, அதன் ஸ்டாரைப் பார்த்து வாங்குங்கள். கியர் வண்டியாக இருந்தால் நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம், மலையில் எஞ்சின் பிடிமானம் என்றால் என்ன என்று காலும் கையும் சேர்ந்து புரிந்துகொள்ளும். 120 குதிரைத்திறன் டர்போ ஹேட்ச்பேக் கேட்டு அவன் பேரம் பேசுவான். அதற்கும் ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

அவன் ஆசையை மட்டும் கேலி செய்துவிடாதீர்கள். வேகத்தின் மேல் ஆசைப்படுவது தப்பில்லை, அதற்கு இடம் இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சேலத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தப் பந்தயத்தடத்துக்குப் பெயர் கொடுத்த கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்தது, நம் வீட்டு மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சின். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயன் இளம் வயதில் ஓட்டியது அந்த வண்டிதான். சக்தி குறைந்த காரை எல்லை வரை ஓட்டத் தெரிந்த பிறகுதான் பந்தயக்காரர்கள் அடுத்த படிக்குப் போகிறார்கள். மாமன் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு சிறு பங்கை ஹெல்மெட், முறையான பயிற்சி, கார்ட் எனும் சிறு பந்தய வண்டி ஓட்டுவது என்று செலவழித்தால், மகனுக்கு எதிரே பஸ்ஸும் பால்காரரும் பள்ளிக் குழந்தையும் வராத தடம் கிடைக்கும். மஸ்டாங்கை ஓட்டுவதைவிட அதில் கற்றுக்கொள்வது அதிகம்.

பிறந்தநாள் முடிந்ததும் எல்.எல்.ஆர். போடுங்கள். 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட், எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், அவசரமே இல்லை. எல்.எல்.ஆர். காலம் முழுவதும் ‘எல்’ போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள ஒருவர் முன்சீட்டில் இருக்க வேண்டும். முதலில் ஞாயிறு காலையில் அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம். பிறகு ஐந்து ரோடு நெரிசல். மூன்று மாதம் கழித்து கொண்டலாம்பட்டி பைபாஸ், பகலில் மட்டும். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் முதல் ஆறு மாதம் காரில் நண்பர்கள் கிடையாது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வண்டி கிடையாது, போனை டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அவனையும் ஒப்புக்கொள்ள வைத்துப் பேசினால்தான் நிற்கும். முதல் மலைப் பயணத்துக்கு மழை இல்லாத ஒரு வார நாளின் காலையைப் பாருங்கள், கோடை விழா நேரமும் சனி ஞாயிறும் வேண்டாம். அண்ணனையே பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஏறும்போது மருமகன் ஓட்டட்டும், முதல் முறை இறக்கத்தை மாமனே ஓட்டிக் காட்டட்டும்.